மூன்று விரல்

அந்தப் போன் வந்தபோது கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

சைக்காக்காரர். சைக்கா என்றால் பக்கத்தில் ஆள் உட்கார இருக்கை வைத்த மிதிவண்டி. அந்த இருக்கையில் அவரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

கார்டு மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தமிழ் ஆள். நின்றபடி மென்றுகொண்டிருந்தார்.

தேங்காய்ச்சோறு விற்கும் அக்கா. பர்மியர். எனக்கு அடுத்த தட்டு அவருடையது.

வேறு யாரும் இல்லை. மனைவி வீட்டில் இருந்தாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

நான் சொன்ன பொய்யை இந்த மூன்று பேரும் கேட்டார்கள்.

வெளிநாட்டு எண். எடுத்தேன். ஒரு பெண் குரல். மலேசியத் தமிழ்.

“ஐயா வணக்கம். பல் மருத்துவக் கல்லூரி ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க மகள் விண்ணப்பம் போட்டிருக்காங்க இல்லையா? பெற்றோர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்கணும்.”

எழுந்து நின்றேன். சுண்ணாம்புக் குச்சி கையிலேயே இருந்தது.

“கேளுங்கம்மா.”

“நீங்க என்ன தொழில் செய்றீங்க?”

“சின்ன வியாபாரம்.”

“வெத்தலைக் கடைதானே?”

“ஆமாம்மா.”

“உங்க மகள் அந்தக் கடையில உட்காருவாங்களா?”

இதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஆறு வருடமாக எல்லாருக்கும் சொல்லிவந்த பதில்.

“என் மகளா? கடைப்பக்கமே வந்ததில்லைம்மா. படிக்கிற பொண்ணு.”

“லீவு நாள்ல? மத்தியானத்துல?”

“ஒரு நாள்கூட இல்லைம்மா. காலடி வெச்சதில்லை.”

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

“சரிங்க ஐயா. அவ்வளவுதான். நன்றி.”

வைத்துவிட்டார். மகளுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன். உட்கார்ந்து அடுத்த வெற்றிலையை எடுத்தேன்.

சைக்காக்காரருக்குத் தமிழ் பாதி புரியும். எங்கள் தெருவில் பிறந்தவர்.

“அண்ணே, நேத்து மத்தியானம் எனக்கு மடிச்சுக் கொடுத்தது யாரு? உன் மகளா, பேயா?”

அக்காவுக்கும் அவரே பர்மிய மொழியில் சொன்னார். அவரும் சிரித்தார். கார்டு மாமா சிரிக்கவில்லை. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“ஏண்டா, அந்தப் புள்ளை கடையப் பத்தி ஏதும் எழுதியிருந்தா?”

“எழுதாது மாமா. எழுதாதேன்னு சொல்லியிருக்கேன்.”

மாமா மெல்வதை நிறுத்தினார்.

ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

கடை மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் பாதைச் சுவரை ஒட்டி. ஒரு தட்டு, ஒரு குடை, நான்கு டப்பா. மடித்த வெற்றிலையை இங்கே கூன்யா என்பார்கள். கூன்யா விற்பது கேவலம் இல்லை. ஆனால் பெண்பிள்ளை கூன்யாத் தட்டின் பின்னால் உட்காருவது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. கண்ட ஆள் வந்து நின்று மென்று சிரித்துப் பேசுகிற இடம். நாளை பெண் கேட்டு வருகிறவர் அதைத்தான் முதலில் விசாரிப்பார். கோயிலில் யாராவது கேட்டால் நானும் மனைவியும் ஒரே மாதிரி சொல்வோம். வீட்டில் படிக்கிறாள்.

உட்கார்ந்தாள் என்பதுதான் உண்மை. விடியலில் நான் வெற்றிலை எடுக்கச் சந்தைக்குப் போவேன். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பிட்டுப் படுப்பேன். அந்த நேரமெல்லாம் அவள். பன்னிரண்டு வயதிலிருந்து. சொந்தக்காரர் தலை தெரிந்தால் தட்டுக்குக் கீழே குனிந்துகொள்வாள். நானே சொல்லிக்கொடுத்தேன்.

அவளுக்குப் பல் டாக்டர் ஆக வேண்டும். எப்போது வந்த ஆசை என்று தெரியாது. மார்க் நன்றாக வாங்கினாள். இங்கே படிப்பு எப்போது நடக்கும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத காலம். மலேசியாவில் ஒரு கல்லூரி, பாதிச் செலவை அவர்களே ஏற்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று டியூஷன் ஸாயாமா சொன்னார். ஸாயாமா என்றால் டீச்சரம்மா. பெண் டாக்டரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

விண்ணப்பத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். மார்க் எழுத ஒரு பக்கம். படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று எழுத மூன்று பக்கம்.

“வெளியேன்னா?” என்றேன்.

“படிக்காத நேரத்துல செய்யறது. பியானோ, நீச்சல், சேவை. எத்தனை மணி நேரம், யார் பார்த்தாங்கன்னு போடணும்.”

எங்கள் வீட்டில் படிக்காத நேரம் என்றால் தூக்கம். அல்லது கடை.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பியானோ எழுதின. மகள் ஆறு மாதம் முன்பே ஆரம்பித்திருந்தாள். தாமுவேயில் ஒரு பல் கிளினிக் ஸாயாமாவிடம் கெஞ்சி, இருபத்திரண்டு நாள் மூலையில் நின்று பார்த்தாள். அவர் கடிதம் கொடுத்தார். கை பதமாக இருக்க வேண்டும் என்று துணி சோப்பைக் கத்தியால் பல் மாதிரி செதுக்கினாள். கடைவாய்ப்பல், கோரைப்பல், எல்லாம். மனைவி அந்தப் பற்களை வைத்துத்தான் துணி துவைத்தாள்.

அது போதும் என்று நினைத்தேன். “கடையை மட்டும் எழுதாதே பாப்பா” என்றேன்.

“சரிப்பா” என்றாள்.

போன் வந்த மறுநாள் பகலில் கடைக்கு வந்தாள். சுற்றி வரவில்லை. குனியவில்லை. தெருவோடு நேராக நடந்து வந்து தட்டுக்கு முன்னால் நின்றாள்.

“அப்பா, போன் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“என்ன சொன்னீங்க?”

சொன்னேன்.

அவள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. போனைத் திறந்து ஒரு கடிதத்தை வாசித்து, அர்த்தம் சொன்னாள். நீ எழுதியதும் உன் தந்தை சொன்னதும் வேறு வேறாக இருக்கின்றன. பத்து நாளுக்குள் விளக்கம் வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்தும் போன் எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் அத்தோடு நிறுத்தப்படும்.

“என்ன எழுதின நீ?”

“கடையில உட்கார்ந்து செஞ்சதை.”

“என்ன செஞ்ச?”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அதை நான் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் கிடக்கும். பாக்கி ஏதோ எழுதுகிறாள் என்று விட்டிருந்தேன்.

கிளினிக்கில் கற்றது. ஆள் தன் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிமிர்த்தி, வாய்க்குள் வைக்க வேண்டும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே மூன்றும் போனால் சரி. இரண்டுதான் போகிறது என்றால் வாய் உள்ளே இறுகுகிறது. பாக்கு செய்கிற வேலை. வெள்ளைத் திட்டு இருந்தால் இன்னும் மோசம். அவள் மத்தியானத்தில் கூன்யா வாங்க வருகிறவர்களிடம், மடித்துக் கொடுப்பதற்கு முன் மூன்று விரலை வைக்கச் சொன்னாள். மூன்றும் போகாதவர்களை நோட்டில் எழுதினாள். ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் நாள்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பொட்டலத்தோடு கொடுத்தாள்.

“எத்தனை பேர்?”

“அறுபத்தொண்ணு.”

“அத்தனை பேர் வாயையும் தொட்டியா?”

“அவங்க விரல்ப்பா. நான் டார்ச் மட்டும் அடிச்சேன்.”

சைக்காக்காரர் பக்கத்திலேயே இருந்தார். அவரைப் பார்த்தேன்.

“உனக்குத் தெரியுமா?”

“நான்தான் முதல் ஆளு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“வியாபாரம் கெடும், அப்பா திட்டுவார், சொல்லாதீங்கன்னு உன் மகள் சொல்லிச்சு. கெடுக்கறது அப்பன், பார்க்கறது மகள். குடும்பத் தொழில் நல்லா நடக்குதுன்னு நாங்க பேசிக்குவோம்.”

மகள் சிரிக்கவில்லை. நானும்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பர்மிய எழுத்து. எனக்கு அது வாசிக்க வரும். ஒரு பெயர்கூட இல்லை.

“பேரு எங்கே?”

“பேரு யாருக்குத் தெரியும்? நீங்க சொல்ற மாதிரிதான் எழுதினேன்.”

எங்கள் கடையில் ஆளுக்குப் பெயர் கிடையாது. அவர் வெற்றிலைதான் அவர். தூரத்தில் ஆள் வரும்போதே கை மடிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு இலை, சுண்ணாம்பு கம்மி, சோம்பு. அது கார்டு மாமா. ஒரு இலை, ஊறவைத்த புகையிலை, ஏலக்காய் வேண்டாம். அது சைக்காக்காரர். நோட்டில் அறுபத்தொரு வரியும் அப்படியே. பக்கத்தில் தேதி. அதற்குப் பக்கத்தில் இரண்டு விரல், இரண்டரை, ஒன்றரை.

கல்லூரிக்காரர்களுக்கு இது சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். அவளுக்கே பாதிப் பேர் முகம் ஞாபகம் இல்லை. அந்த வரிகளை ஆளாக்க ஒருவனால்தான் முடியும். அவள் கடைக்கு வந்ததே இல்லை என்று சொன்னவன்.

“பத்து நாள்” என்றாள்.

“ஒன்பது. இன்னைக்குப் பாதி போச்சு” என்றேன்.

அவள் ஒரு தாளில் பர்மிய மொழியில் இரண்டு வரி எழுதினாள். இந்தக் கடையில் இந்தப் பெண் என் வாய் திறப்பைப் பார்த்தாள். இது உண்மை. கீழே கோடு போட்டாள். பெயர், போன் எண், கையெழுத்து.

சைக்காக்காரர் முதலில் போட்டார். கார்டு மாமா இரண்டாவது. மாமா பேனாவை உடனே திருப்பித் தரவில்லை.

“எனக்கு உள்கன்னத்துல வெள்ளையா இருந்துச்சு. இந்தப் புள்ளை சொல்லித்தான் போனேன். கீறி எடுத்தாங்க. சின்னது.”

“இன்னும் மெல்லுறீங்களே மாமா.”

“வெறும் இலைதான்டா. நாலு மாசமா நீதானே மடிக்கிற, தெரியலையா?”

தெரிந்திருக்க வேண்டும். பாக்கு வேண்டாம் என்று சொன்னார், பாக்கு இல்லாமல் மடித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

முதல் நான்கு நாள் கடையிலேயே இருந்தேன். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. ஆள் வருவார், அவர் வரியை நோட்டில் தேடுவேன், தாளை நீட்டுவேன். கண் தாளிலேயே இருந்தது. சுண்ணாம்பு கூடிக்கூடிப் போனது. ஒரே நாளில் மூன்று பேர் வாய் வெந்து திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, “வாயைப் பொத்துப்போக வெச்சுட்டு கையெழுத்து கேக்கறியா?” என்றார். ஆனாலும் போட்டார்.

எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை வைத்தார்கள். மையே தேவைப்படவில்லை. கூன்யாவில் தடவும் காசுக்கட்டி படிந்த விரல். மகள் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

“அழுக்கா இருக்கேப்பா. ஒத்துக்குவாங்களா?”

எனக்கு எப்படித் தெரியும். “ஒத்துக்குவாங்க” என்றேன்.

எல்லாரும் போடவில்லை. இப்போது இந்த ஊரில் பெயரும் போன் எண்ணும் எழுதிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. தாள் எங்கே போகும், யார் கையில் விழும் என்று பயம். பிள்ளையின் படிப்புக்கு என்று சொன்னாலும் பயம்தான். ஐந்து பேர் தாளைப் பார்த்ததும் நடந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அப்புறம் கடைக்கே வரவில்லை.

ஆறாவது ஆள் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நாலு இலை, கிராம்பு, வாசனைப் பாக்கு. அவர் கூன்யா போடுவது அவர் வீட்டுக்குத் தெரியாது. சொந்தக்காரர்களில் என் மகளைக் கடையில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இத்தனை வருடம் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்களே.

“மச்சான், ஒரு கையெழுத்து.”

தாளைத் தொடவில்லை.

“மாப்பிள்ளை, நீ என்னைப் பார்க்கலே. நான் உன் மகளைப் பார்க்கலே. இப்படியே போயிட்டிருந்துச்சு. நல்லாத்தானே இருந்துச்சு?”

“பிள்ளை படிப்பு மச்சான்.”

“என் பொண்டாட்டி மூக்கு உனக்குத் தெரியாது.”

போய்விட்டார். அந்த வரிக்கு நேரே கோடு போட்டேன்.

ஐந்தாம் நாள் கடையைத் தேங்காய்ச்சோற்று அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு அலைய ஆரம்பித்தேன். மகளும் கூட வந்தாள். ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் க்யிம்யிண்டைங் போனோம். இரண்டு கிராம்பு, புகையிலை இரட்டிப்பு. அவர் முன்பு எங்கள் பக்கம் மூட்டை தூக்கினார். இப்போது ஆற்றுத்துறையில் தூக்குகிறார். எந்தத் துறை என்று தெரியாது. மூன்று துறையில் இறங்கி, கூன்யாக் கடைக்காரர்களிடம் அவருடைய வெற்றிலையைச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது கடைக்காரர் யோசிக்கவேயில்லை. “அவரா? பரிசலுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு” என்றார்.

இருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து, கேட்காமலே மூன்று விரலை வாயில் வைத்துக் காட்டினார். இரண்டரைதான் போனது.

“அப்ப ரெண்டு. இப்ப ரெண்டரை. விட்டுட்டேன் ஸாயாமா, பாதி விட்டுட்டேன்.”

என் மகளை ஒருவர் ஸாயாமா என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாமுவேயில் ஒரு டாக்ஸிக்காரர். மூன்று இலை, சீமைச் சர்க்கரை, புகையிலை. ஒன்றரை விரல். முகவரியை அவருடைய பழைய கூட்டாளி கொடுத்தார். மாடி ஏறிக் கதவைத் தட்டினோம். அவர் மனைவி திறந்தார். நான் தாளை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

“அவர் போய் அஞ்சு மாசம் ஆச்சு. வாயிலதான் வந்துச்சு. இந்தப் பொண்ணு கொடுத்த துண்டுத்தாள் அவர் சட்டைப் பையில இருந்துச்சு. நான்தான் துவைக்கும்போது பார்த்தேன். போங்கன்னேன். போகலை.”

பேனாவுக்குக் கை நீட்டினார்.

“நான் போடறேன். அவர் பேரைப் போடறேன்.”

மகள் தாளை மடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் ஆன்ட்டி. அவங்கவங்கதான் போடணும்.”

“நான் சாட்சிதானே?”

“ஆமா ஆன்ட்டி. ஆனா வேண்டாம்.”

மாடியிறங்கும்போது நான் கேட்டேன். “போட்டிருக்கலாமே. உண்மைதானே?”

“ஒருத்தர் இறந்துட்டார்ன்னு அவங்களுக்குப் போன்ல தெரிஞ்சா, எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.”

அவள் கண் துடைக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த டாக்ஸிக்காரருக்கு அத்தனை வருடம் மடித்துக் கொடுத்தவன் நான். அதையும் நினைக்கவேண்டாம் என்று இறங்கினேன். கடை இன்றும் இருக்கிறது. எனக்கு வேறு தொழில் தெரியாது. அதற்கு மேல் இதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எட்டாம் நாள் எண்ணினோம். நாற்பது கையெழுத்து. இறந்தவர் இரண்டு. ஒன்பது பேர் தாய்லாந்து, மலேசியா, ஊர் என்று போய்விட்டார்கள். ஆறு பேர் மாட்டேன் என்றவர்கள். மூன்று பேரை வலைபோட்டுத் தேடியும் கிடைக்கவில்லை.

சைக்காக்காரர் வழி சொன்னார். “பத்து பேருக்கு நான் இடது கையில போடறேன். மிச்சத்தை அக்கா போடட்டும். அவங்க வந்து பார்க்கவா போறாங்க?”

நான் மகளைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் சரி என்றிருந்தால் நானே அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

“வேண்டாம் ஊலே. ஒரு பொய்யில வந்தது இது” என்றாள்.

ஊலே என்றால் சித்தப்பா. அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சைக்காக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

விண்ணப்பத்தில் அறுபத்தொன்று என்று இருக்கிறது. காட்டக்கூடியது நாற்பது. அறுபத்தொன்றை அடித்துவிட்டு நாற்பது என்று திருத்தி அனுப்புவதாகச் சொன்னாள். குறைத்து எழுதினால் முன்பு கூட்டி எழுதியதாக ஆகாதா என்று கேட்டேன். ஆகலாம் என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. சோப்பை எடுத்துச் செதுக்கினாள். இரண்டு பல் உடைந்தது.

நான் கணக்கை மறுபடி போட்டேன். நாற்பது, இரண்டு, ஒன்பது, ஆறு, மூன்று. அறுபதுதான் வந்தது.

“ஒண்ணு குறையுது.”

“தெரியும்ப்பா.”

நோட்டை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் போனேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு நேரே நான் ஒன்றும் குறித்திருக்கவில்லை. மூன்று இலை, சுண்ணாம்பு அதிகம், கறுப்புப் புகையிலை, பச்சைப் பாக்கு. இரண்டு விரல். தேதி இல்லை.

அந்த வெற்றிலைக்கு முகம் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். தெருவைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மனதில் ஓட்டினேன். யாருக்கும் இப்படி மடித்ததாக ஞாபகம் இல்லை.

“யார் இது? சுண்ணாம்பு இவ்வளவு போட்டா வாய் வெந்துடுமே.”

மனைவி அடுப்புப் பக்கத்திலிருந்து திரும்பினாள்.

“ஏங்க, அது நீங்கதான்.”

எனக்கு மடிப்பதை நான் எண்ணியதில்லை. கை போகும், வாய்க்குப் போகும். யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

“என் வாயை எப்பப் பார்த்தே?”

“பார்க்கலை. நீங்க காட்டமாட்டீங்க. சமோசாவைப் பிய்ச்சுப் பிய்ச்சுச் சாப்பிடறீங்க. வாழைப்பழத்தை நீளவாக்குல கீறிச் சாப்பிடறீங்க. அதை வெச்சு எழுதினேன்.”

“பார்க்காம எழுதலாமா?”

“கூடாது. அதனாலதான் தேதி போடலை.”

வெளியே ரயில் போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

கையைக் கழுவினேன். சுண்ணாம்பு நகத்தில் நிற்கும், இரண்டு தடவை கழுவினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மூன்று விரலை அடுக்கி வாயில் வைத்தேன். இரண்டு போனது. மூன்றாவதைத் தள்ளினேன். தாடை வலித்தது. போகவில்லை.

அவள் டார்ச் அடித்தாள். என் மகள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. புருவம் அசையவில்லை. இடது பக்கம், வலது பக்கம், நாக்கைத் தூக்கச் சொன்னாள். எனக்கு மூச்சு முட்டியது.

“வெள்ளை இல்லைப்பா. இறுக்கம்தான். புதன்கிழமை ஆஸ்பத்திரி.”

துண்டுத்தாள் எழுதிக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். டாக்ஸிக்காரரின் பை ஞாபகம் வந்தது. எடுத்து மனைவி கையில் கொடுத்தேன்.

நோட்டில் தேதி போட்டாள். நான் தாளில் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விளக்கம் ஒன்று பாக்கி. மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். போனில் பேசிய அம்மா தமிழ் வாசிப்பார், நீங்களும் உங்கள் கையால் எழுதுங்கள் என்றாள். நான் படித்தது நாலாம் வகுப்பு. தமிழ் எழுத்து கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வந்தது. காலையில் உட்கார்ந்தேன், மத்தியானம் முடித்தேன். நான்கு வரி. என் மகள் கடையில் உட்காருவாள். இல்லை என்று நான் சொன்னது பொய். வெட்கப்பட்டுச் சொன்னேன். அவள் மேல் தப்பில்லை. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதுவது இதுதான்.

பத்தாம் நாள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். மின்சாரம் ஒன்பது மணிக்கு வர வேண்டும். வரவில்லை. பதினொன்று ஆயிற்று. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை என்றார் கடைக்காரர். மகள் தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் வெற்றிலை போடவில்லை. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினேன். ஒன்றே காலுக்கு விசிறி சுற்றியது. தாள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் போனது. காசுக்கட்டிக் கறை திரையில் கறுப்பாகத் தெரிந்தது. கடைசித் தாள் போய், அனுப்பியாகிவிட்டது என்று எழுத்து வந்ததும் மறுபடி மின்சாரம் போனது.

கல்லூரிக் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். பாதிச் செலவும் அவர்களுடையது. இப்போது அங்கே முதல் வருடம் படிக்கிறாள்.

ஆனால் கடிதத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் வந்தது. அதே நேரம், அதே குரல். கடையில் சைக்காக்காரர் இருந்தார், கார்டு மாமா இருந்தார், அக்கா இருந்தார். என் மகளும் இருந்தாள். தட்டுக்குப் பின்னால், என் பக்கத்தில், முக்காலியில். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஐயா, உங்க கடிதம் படிச்சேன். மறுபடி கேட்கணும், தப்பா நினைக்காதீங்க. உங்க மகள் கடையில உட்காருவாங்களா?”

“உட்காருவா. இப்பவும் உட்கார்ந்திருக்கா.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு.”

“முதல்ல அறுபத்தொண்ணுன்னு இருந்துச்சு. இப்ப மாத்தியிருக்காங்க. பேர் பட்டியல் என் கையில இருக்கு. நீங்களே சொல்லுங்க. எத்தனை பேர்?”

தெருவில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“நாற்பத்தொண்ணு.”